நான்காம் தாங்கிக்குப் பச்சை லேபிள்

எங்கள் ஆய்வுகூடத்துக்குள் எண்ணெய்கள் பெயரோடு வருவதில்லை. வாசல் அறையில் இருக்கும் பெண், போத்தலின் லேபிளைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, எண்ணெயைக் கபில நிறப் போத்தலுக்கு மாற்றி, அதில் ஓர் இலக்கத்தை ஒட்டி உள்ளே அனுப்புவார். யாருடைய எண்ணெய் என்று தெரிந்தால் அளக்கும் கை மாறிவிடும் என்பது எங்கள் மேலாளரின் கருத்து. நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியின் வுப்பர்டாலில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, பயிற்சி பெற்ற அதே ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒலிவ் எண்ணெயை எந்தப் பெயரில் விற்கலாம் என்று ஐரோப்பியச் சட்டம் அளவுகளை வகுத்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அமிலம், ஒட்சியேற்றம், புற ஊதா ஒளி, கடைசியாக மனிதரின் நாக்கு. இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் 'எக்ஸ்ட்ரா' என்ற சொல்லை லேபிளில் போட முடியாது.

எங்கள் வீட்டுக்கு மேலே, கூரைக்குக் கீழிருந்த சிறிய அறையில், மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணை இருந்தார். சாப்பாடு எங்களோடு. மனைவியும் மகளும் மடுக் கோயிலைச் சுற்றி இருந்த அகதி முகாமில் இருந்தார்கள். மகளைக் கைக்குழந்தையாகப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இப்போது அவள் கடிதத்தின் அடியில் தன் பெயரைத் தானே எழுதத் தொடங்கியிருந்தாள். அண்ணையிடம் இருந்தது டுல்டுங். 'இப்போதைக்கு வெளியேற்றவில்லை' என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாத கடதாசி அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துவார்கள். நீண்ட காலம் இங்கே இருந்து, தொடர்ந்து வேலை செய்தவர்கள் வதிவிட அனுமதி கேட்கலாம் என்று அப்போது ஒரு விதி வந்திருந்தது. அண்ணை அன்ட்ராக், அதற்கான விண்ணப்பம், போட்டிருந்தார். அது கிடைத்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். நிபந்தனைகளை நான் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசி நிபந்தனையின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தேன்: டெர்மின் அன்று, அலுவலகம் கூப்பிடும் நாளில், கையில் வேலை இருக்கவேண்டும்.

வேலை இருந்தது. நகரத்துக்கு வெளியே, எண்ணெயைப் பெரிய தாங்கிகளில் வாங்கிப் போத்தலில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும் இயந்திரத்தை அவர்தான் பார்த்தார். லேபிள்கள் சுருளாக வரும். முதல்தரத்துக்குப் பச்சைச் சுருள்: பழத்தைப் பிழிந்து எடுத்ததற்கு மேல் வேறொன்றும் செய்யாத எண்ணெய். மஞ்சள் சுருள், சுத்திகரித்த எண்ணெயோடு கலந்ததற்கு. விலை பாதிதான். ஜேர்மன் மொழியை அவர் வகுப்புக்குப் போய்ப் படிக்கவில்லை. அந்தச் சுருள்களில் படித்தார். சாப்பிடும்போது திடீரென்று, 'ஒளி படாமல் குளிரான இடத்தில் வைக்கவும்' என்று ஜேர்மனில் சொல்லிவிட்டு உப்பை எடுப்பார்.

"தம்பி, உம்மட டொச் முழுக்கப் போத்தில்ல இருந்து வந்தது" என்பார் அம்மா.

"போத்தில்ல இருந்து வந்த டொச் கதைக்கிற ஆக்கள் கனபேர் ஸ்டேஷனடியில நிக்கினம், அக்கா. அவையைவிட நான் திறம்."

லேபிளில் தொடங்கி அவர் வெகுதூரம் போயிருந்தார். அந்த ஆண்டில் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம்வரை வாசிப்பார். தெரியாத சொல்லை ஓரத்தில் எழுதி வைத்து என்னிடம் கேட்பார். பாதி எனக்கும் தெரியாது.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. முதல் அகதி விசாரணையில், எந்த நாளில் படகு ஏறினார் என்பதற்குக் கடதாசி இல்லாததால் அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. அன்றிலிருந்து எதையும் எறியமாட்டார். பஸ் ரிக்கெட், கடித உறை, மருந்துப் பெட்டி மூடி, எல்லாம் பெட்டியில் இருக்கும். எங்கள் வீடுகளில் பலருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. ஆனால் கொப்பிக்குக் காரணம் நான். நாங்கள் எதை அளந்தாலும் அதில் ஒரு பங்கை மூடி, அலுமாரியில் வைப்போம், பின்னால் யாராவது கேட்டால் காட்டவேண்டும் என்று ஒருநாள் சொல்லியிருந்தேன்.

"அப்ப நானும் வைக்கிறன்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து, ஒட்டிய ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு லேபிளைக் கொண்டுவந்து கொப்பியில் ஒட்டினார். அதன் கீழே நான்கு வரி, தமிழில்: திகதி, தாங்கி, சுருள், சொன்னவர். அந்த நான்கு தலைப்புகளையும் அவருக்குக் கோடு போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.

பச்சை லேபிள்களில் ஒரு வகையில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. தெற்குக் கிரேக்கத்தில் ஒரு சிறிய ஊர். அந்த எண்ணெயின் விவசாயி, எங்கள் நகரத்து வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, திரும்பிப்போய்த் தகப்பனின் மரங்களை எடுத்துக்கொண்டவர். ஒவ்வொரு வசந்தத்திலும் புது எண்ணெயோடு வண்டியில் வருவார். தாங்கியில் இறக்கும்வரை அண்ணையோடு வாசலில் இருந்து பாண் சாப்பிடுவார். காய் பச்சையிலிருந்து ஊதாவாக மாறும் நாட்களில் பறித்துவிடவேண்டுமாம். மரத்தடியில் வலை விரித்து, சீப்புப் போன்ற ஒன்றால் கொம்புகளைக் கோதவேண்டுமாம். சாக்கில் கட்டி வைத்தால் காய் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அன்றைக்கே ஆலைக்குப் போகவேண்டும். அவருடைய ஊரில் ஆலையில் முறை கிடைப்பதற்காகச் சண்டையே நடக்குமாம். இதையெல்லாம் அண்ணை வந்து எங்களுக்குச் சொல்வார்.

"ஒலிவ மலை எண்டு பெரிய வெள்ளிக்கு வாசிக்கேக்க கேட்டதுதான், அக்கா. அந்த மரம் உண்மையா நிக்குதெண்டே நான் நினைக்கேல்லை."

சனிக்கிழமைகளைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமை ஃபோமன் என்ற மேற்பார்வையாளர் அவரையும் இன்னொரு டுல்டுங்காரரையும் மட்டும் கூப்பிடுவார். அந்த நாட்களுக்குச் சம்பளச் சீட்டில் இடமில்லை. களவாய்ச் செய்த வேலை என்றுதான் சட்டத்தில் அதற்குப் பெயர். நான் ஒருமுறை, போகாதீர்கள் என்றேன்.

"ஏலாதெண்டு சொல்ல ஏலாத ஆக்களைத்தான் சனிக்கிழமையில கூப்பிடுவினம், தங்கச்சி" என்றார்.

செப்டெம்பர் கடைசியில் ஓர் எண்ணெய் வந்தது. அமிலம் சரி. ஒட்சியேற்றம் சரி. மூன்றாவது அளவையில், எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, விரலளவு படிகக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி, புற ஊதா ஒளிக்கு முன்னால் வைப்போம். பழத்தைப் பிழிந்த எண்ணெய் அந்த ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். வெளுத்துச் சுத்திகரித்த எண்ணெய் அதைப் பிடித்துவைக்கும். இது பிடித்தது. பெட்டியைக் கழுவி மறுபடி அளந்தேன். புதிதாகக் கரைத்து மூன்றாம் முறை அளந்தேன். எண்களை எழுதிக் கையெழுத்து வைத்தேன். மத்தியானம் உருளைக்கிழங்கும் கீரையும் சாப்பிட்டேன். அந்த நாளைப் பற்றி வேறு எதுவும் நினைவில் இல்லை, நினைவு வைக்கக் காரணமும் இருக்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு மாலை, அண்ணை வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் எங்கள் குசினி மேசையில் ஒரு கடதாசியை வைத்தார். எங்கள் ஆய்வுகூடம் போத்தலில் ஒட்டும் இலக்கம் ஒன்று அதில் இருந்தது. அதன் கடைசி மூன்று எண்களும் செப்டெம்பரில் நான் கையெழுத்து வைத்த தாளில் இருந்தவை.

நடந்தது இதுதான். அந்தக் கிரேக்கர் தங்கையைப் பார்க்க இங்கே வந்தபோது, கடையொன்றில் தன் ஊரின் பெயர் போட்ட போத்தலை வாங்கிச் சுவைத்திருக்கிறார். ஒரு வாய்தான். அடுத்த நாளே அந்தப் போத்தலை எங்களிடம் அனுப்பியிருக்கிறார். எங்கள் அறிக்கை தொழிற்சாலைக்குப் போனது. தொழிற்சாலை தன் பதிலைத் தயாரித்துவிட்டது. அண்ணை கொண்டுவந்த கடதாசி அந்தப் பதில். கையெழுத்து வைக்கவேண்டியவர் அவர்.

"வாசி, தங்கச்சி" என்றார்.

"நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"நான் வாசிக்கக் கூடாது. எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டுதான் எழுதியிருக்கு."

அப்படித்தான் எழுதியிருந்தது. ஊழியர் ஜேர்மன் மொழி வாசிக்கத் தெரியாதவர். அதனால் மஞ்சள் சுருளுக்குப் பதிலாகப் பச்சைச் சுருளை இயந்திரத்தில் ஏற்றிவிட்டார். நிர்வாகத்துக்கு இது தெரியாது. மூன்று வசனம், கீழே ஒரு கோடு.

அண்ணை மேலே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து திறந்தார். ஊரின் பெயர் போட்ட பச்சை லேபிள், அதன் கீழே அவருடைய சீரான எழுத்தில் ஒரு சனிக்கிழமையின் திகதி. தாங்கி: நான்கு. சுருள்: பச்சை. சொன்னவர்: ஃபோமன். அதற்கடியில் அடைப்புக்குறிக்குள், 'நாலாம் தாங்கி மஞ்சள் எண்டு சொன்னேன். ஒட்டச் சொன்னார்.' அப்படி ஐந்து பக்கங்கள் இருந்தன. ஐந்தும் சனிக்கிழமைகள்.

நான் அவரிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அண்ணை, அந்த எண்ணெயை அளந்தது நான்."

அவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சரியா அளந்தியோ?"

"மூண்டு தரம்."

"அப்ப சரி. தேத்தண்ணி போடு."

இரண்டு நாள் கழித்துக் கிரேக்கர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு தகர டின்னில் எண்ணெய். அண்ணையின் வயதுதான் இருக்கும். குசினியில் கதிரை போதாமல் நான் கதவில் சாய்ந்து நின்றேன். அவர் போத்தலைப் பற்றி ஒரு சாவு வீட்டில் பேசுவதுபோலப் பேசினார்.

"என் ஊரின் பெயர் அதில் இருக்கிறது. உள்ளே இருப்பதற்கு ஊரே இல்லை" என்றார். "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ வாசிக்கத் தெரியாதவன் என்கிறார்கள். என்னோடு வாசலில் இருந்து பத்திரிகை வாசித்தவன் நீ. யார் சொல்லி ஒட்டினாய் என்பதை மட்டும் எழுதித் தா."

அண்ணை ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாக வைத்து, சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார். அதை எழுதிக் கொடுத்தால் தானே களவு வேலையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். மனைவியின் படத்தைக் காட்டவில்லை. மகளின் வயதை மட்டும் சொன்னார். கிரேக்கர் அதை மறுபடி கேட்கவில்லை, டின்னை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டார்.

"இதில மிளகாய் பொரிக்கலாமோ எண்டு கேள்" என்றார் அம்மா.

நான் கேட்டேன். கிரேக்கர் கண்ணை மூடித் திறந்தார். "பொரிக்கலாம் என்று சொல்லுங்கள். ஆனால் நான் போன பிறகு."

அவர் போனபின் நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம்: கையெழுத்து வைத்தால். வலப்பக்கம்: வைக்காவிட்டால். வைக்காவிட்டால் உடனே வேலை போகும். சனிக்கிழமைகள் வெளியே வரும். அன்ட்ராக் அன்றோடு முடியும். வைத்தாலும் வேலை போகும், ஆனால் முறைப்படி அறிவித்தல் காலம் உண்டு, வேலை நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமைவரை இருக்கும், சனிக்கிழமைகளைப் பற்றி அவர்கள் பேசமாட்டார்கள். டெர்மின் அதே வாரத்துச் செவ்வாய். இடப்பக்கத்தில் கடைசி வரியாக, 'மூன்று நாள் மிச்சம்' என்று எழுதி வட்டம் போட்டேன்.

"வையுங்கோ, அண்ணை" என்றேன். "டெர்மின் அண்டைக்கு உங்களுக்கு வேலை இருக்கும்."

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுசன் தெரியாதெண்டு கையெழுத்து வைக்கிறதோ?" அம்மா அடுப்பை நிறுத்திவிட்டார். "அவன் களவு செய்வான், இவர் மொக்கன் எண்டு ஒப்புக்கொள்ளவேணுமோ?"

"அக்கா, மொக்கன் எண்டு எழுதேல்லை. வாசிக்கத் தெரியாதெண்டுதான். மொக்கனெண்டு நீங்கள்தான் சொல்லுறியள்." சிரித்தார். பிறகு என் தாளை இழுத்து, இரண்டு பக்கத்தையும் வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். "தங்கச்சியின்ர கணக்குச் சரி" என்றார்.

தமிழில், அவருடைய அழகான எழுத்தில், கையெழுத்து வைத்தார். தொழிற்சாலை கடைகளிலிருந்து போத்தல்களை எடுத்து, மேலே மஞ்சள் லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்பியது. அந்த வேலையையும் அவர்தான் செய்தார். கிரேக்கருக்கு வருத்தக் கடிதம் ஒன்று போனது. அதில் ஒரு வெளிநாட்டு ஊழியரின் தவறு என்று இருந்ததாம். அவர் பிறகு வரவில்லை.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொறுப்பான அலுவலருக்கு வசதிப்படாததால் டெர்மின் டிசெம்பர் நடுப்பகுதிக்கு மாற்றப்படுகிறது. இரண்டு வரிதான்.

என் தாளில் அந்த வரிக்கு இடமில்லை. இருபத்திரண்டு வயதுவரை எனக்குத் தரப்பட்ட எந்த டெர்மினும் மாறியதில்லை. அவருக்குத் தரப்பட்டவை பலமுறை மாறியிருந்தன, எனக்கு அது தெரியும். அதை ஏன் எழுதவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அளவு சரியாக வந்துவிட்டால் நான் மறுபடி அளப்பதில்லை. தவறாக வந்தால்தான் அளப்பேன்.

முயன்றவை: அலுவலகத்துக்கு ஆறு தொலைபேசி அழைப்பு. ஒருமுறை நேரில் போய் வரிசையில் நின்றது. தொழிற்சாலைக்கு இரண்டு வாரம் நீட்டித் தரும்படி ஒரு கடிதம், அதற்குப் பதில் இல்லை. கோப்பை கழுவ ஆள் தேவைப்பட்ட ஓர் உணவகம் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் புது வேலைக்குப் புது அனுமதி வேண்டும். அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கமாட்டாரா என்று முதலில் பார்ப்பார்கள், அதற்குப் பல வாரங்கள் ஆகும். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை அண்ணை வேலை உடுப்பைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

டிசெம்பரில் நான் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். அலுவலர் ஒரு பெண். பிழையாக ஒன்றும் பேசவில்லை. கோப்பில் மேலாகவே அந்த மூன்று வசனக் கடதாசி இருந்தது. வேலைநீக்கத்துக்குக் காரணமாகத் தொழிற்சாலை அதை இணைத்திருந்தது.

"நீங்கள் மொழிபெயர்க்கிறீர்களா?" என்று என்னிடம் கேட்டார். "இவருக்கு வாசிக்கத் தெரியாது என்று இங்கே இருக்கிறது."

ஆம் என்றேன். வேறு என்ன சொல்வது? இல்லை என்றால் அந்தக் கையெழுத்து பொய். ஆம் என்றால் அவர் அந்தச் சுருள்களில் படித்ததெல்லாம் பொய்.

முடிவுத் தாளை அண்ணையின் முன்னால்தான் வைத்தார்கள். நான் பக்கவாட்டிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். முதல் வசனத்தை நான் தமிழில் தேடிக்கொண்டிருந்தபோதே அண்ணையின் கண் மூன்றாம் பந்திக்குப் போய்விட்டது. அங்கே நின்றது. பிறகு அவர் கண்ணை எடுத்து, மேசையில் இருந்த முத்திரைக் கட்டையைப் பார்த்தார். அதற்குப் பிறகு தாளைப் பார்க்கவில்லை.

"தற்போது வேலை இல்லாதபடியால் நிபந்தனை நிறைவேறவில்லையாம்" என்றேன்.

"பிறகு?"

"வேலை போனதுக்கு நீங்களே காரணமாம்."

"பிறகு?"

"அன்ட்ராக்கை நிராகரிச்சிருக்கினம், அண்ணை."

"ஓம்" என்றார், அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல. அதை அவர் நன்றாகச் செய்தார்.

அலுவலர் விளங்கியதா என்று கேட்டார். அண்ணை என் தமிழுக்காகக் காத்திருந்து தலையை ஆட்டினார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வைக்கவேண்டிய இடம் தெரியவேண்டும் என்று, அந்தப் பெண் பென்சிலால் அவருக்கு ஒரு புள்ளடி போட்டுக் காட்டினார். அதன்மேல் வைத்தார்.

வெளியே நடைபாதை வாங்கில் அமர்ந்து அண்ணை தாளை எடுத்தார். இரண்டு பக்கத்தையும் மெல்லிய குரலில், ஜேர்மனில், ஓரிடத்திலும் தடக்காமல் வாசித்தார். பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டாம் பக்கத்தில மேன்முறையீட்டுக்கு ஒரு மாசம் தவணை எண்டு கிடக்கு. நீ அதை விட்டிட்டாய்" என்றார்.

விட்டுத்தான் இருந்தேன்.

மேன்முறையீட்டை நான் எழுதினேன். பெப்ரவரியில் அதற்கும் இல்லை என்று வந்தது. வசந்தம் தொடங்குவதற்குள் ஒரு காலையில் மேல் அறை வெறுமையாக இருந்தது. எந்த நாட்டுக்கு, யார் மூலம் என்று நாங்கள் முன்னர் கேட்டிருக்கவில்லை. பொலிஸ் வந்து கேட்டபோது தெரியாது என்று அம்மா சொன்னது அதனால் உண்மையாகவே இருந்தது. மடுவிலிருந்து எங்கள் முகவரிக்கு இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் அடியில் அந்தப் பிள்ளையின் பெயர், இரண்டாவதில் எழுத்து கொஞ்சம் சிறிதாகி, நேராகியிருந்தது. பிறகு வரவில்லை.

அறையைத் துப்புரவாக்கப் போனபோது கொப்பி கட்டிலில் இருந்தது. பஸ் ரிக்கெட்டுகளைக்கூட எடுத்துப் போனவர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். கடைசிப் பக்கத்தில் லேபிள் இல்லை. அந்த மூன்று வசனக் கடதாசியின் பிரதியை, நான்கு மூலையும் சரியாக, ஒட்டியிருந்தார். அதன் கீழே வழக்கமான தலைப்புகள். திகதியை எழுதியிருந்தார். தாங்கிக்கும் சுருளுக்கும் எதிரே ஒவ்வொரு சிறு கோடு. 'சொன்னவர்' என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

கட்டிலில் அமர்ந்து, பேனாவை எடுத்து, என் பெயரை எழுதினேன்.